டத்து அரசரா, ஊர்த்தலைவரா? ஸ்பானியர் வருமுன் பிலிப்பைன்ஸ் சமூகம்

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென்கிழக்கு ஆசியா என்றாலே இங்கே ஸ்ரீவிஜயம், மஜாபாகித், அங்கோர் என்று பேரரசுகளைப் பற்றித்தான் பேசுகிறோம். பேரரசே எழாத ஒரு தீவுக்கூட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1521இல் ஸ்பெயின் அனுப்பிய மெகல்லனின் கப்பல்கள் வந்தபோது பிலிப்பைன்ஸ் முழுவதற்கும் ஒரே மன்னர் என்று யாரும் இல்லை. பரங்காய் எனப்பட்ட சிறு சமூகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் டத்து என்ற தலைவர் இருந்தார். மணிலாவைச் சுற்றி வாழ்ந்த தகலோக் மக்களின் வழக்கங்களை 1589இல் எழுதிவைத்த ஹுவான் டி பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி, ஒரு பரங்காயில் நூறு வீடுகள் வரை இருக்கும், சில இடங்களில் முப்பதுகூடத் தேறாது என்கிறார்.

தமிழில் வரும் கட்டுரைகள் இந்த டத்துகளைச் 'சிற்றரசர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிற்றரசர் என்றால் எல்லையும் நிலமும் நினைவுக்கு வரும். டத்துவின் செல்வமோ ஆட்கள். அவரை நம்பி எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்பதை வைத்தே அவரை மதித்தார்கள். தீவுகளில் திருத்தப்படாத நிலம் எவ்வளவோ கிடந்தது. உழவும் துடுப்புப் போடவும் போரிடவும் மனிதர்கள்தான் குறைவு.

பிளாசென்சியா குறித்திருக்கும் இரண்டு வழக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள். நீர் பாயும் வயல்கள் பரங்காய்க் குடும்பங்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தன. மலைச்சரிவுகள் பொது. வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் அங்கே காடு திருத்தத் தொடங்கினால் விதைத்துக்கொள்ளலாம். அவரை யாரும் எழுப்ப முடியாது. இது நிலத்துக்கு. ஆளுக்கு எப்படி? மகர்லிகா எனப்பட்ட சுதந்திரக் குடிகளில் ஒருவர் மணமான பிறகு ஒரு பரங்காயை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பினால், ஒன்று முதல் மூன்று தாயெல் (ஓர் எடை அளவு) வரை பொன் தண்டம் கட்டி, பரங்காய் முழுவதற்கும் விருந்தும் வைக்க வேண்டும். கட்டாமல் போனால் இரு பரங்காய்களுக்கும் இடையே போரே மூளும். வேற்றூர்ப் பெண்ணை மணந்தால் தண்டம் இல்லை. ஆனால் பிறக்கும் பிள்ளைகளை இரண்டு பரங்காய்களும் சமமாகப் பிரித்துக்கொள்ளும்!

நிலத்தில் இவ்வளவு தளர்வு, ஆளில் இவ்வளவு இறுக்கம். டத்துவைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

---

நெல்வயல்

நல்ல தொடக்கம், கடலோடி ஐயா. ஒரு ஐயம். நிலவரி இல்லை என்றால் டத்து எதை வைத்துப் பிழைத்தார்? விருந்து வைக்கவும் படகு கட்டவும் பொருள் வேண்டுமே.

---

கடலோடி

நெல்வயல், வருமானம் இருந்தது; ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்கப்படவில்லை.

மகர்லிகாக்கள் டத்துவுக்குத் திறை கட்டவில்லை. அதற்கு மாறாக, போர் என்றால் தங்கள் செலவில் ஆயுதத்தோடு வர வேண்டும். புறப்படும் முன் டத்து அவர்களுக்கு விருந்து வைப்பார். திரும்பிய பின் கொள்ளைப் பொருளில் பங்கு கொடுப்பார். அவர் நீர்வழியே போகும்போது அழைக்கப்பட்டவர்கள் வந்து துடுப்புப் போட வேண்டும். அவர் வீடு கட்டினால் கைகொடுக்க வேண்டும். அப்போது சாப்பாடு அவர் பொறுப்பு. இப்படி ஒவ்வொரு சேவைக்கும் எதிரே ஒரு விருந்தோ பங்கோ இருந்தது.

நிலத்துக்காக வாங்கிய ஒரு விதிவிலக்கும் உண்டு. மணிலாவுக்கு அருகே லகுனா ஏரிக்கரையில் உள்ள பிலா என்ற ஊரில் மகர்லிகாக்கள் ஆண்டுக்கு நூறு 'கந்தா' (முகத்தல் அளவு) அரிசி அளந்தார்கள். அவர்கள் அங்கே குடியேறியபோது நிலம் வேறொரு தலைவரிடம் இருந்தது. புதிய டத்து தம் சொந்தப் பொன்னைக் கொடுத்து அதை வாங்கினார். அதனால்தான் அந்த அரிசி. சில டத்துகளுக்கு ஆற்றில் மீன்பிடிப் பகுதிகளும், சந்தை கூடும் கரைகளும் இருந்தன. வெளியார் அங்கே மீன் பிடிக்கவோ விற்கவோ கட்டணம் செலுத்த வேண்டும். சொந்தப் பரங்காய்க்காரர்களுக்கு அது கிடையாது.

துறைமுகத் தலைவர்களின் நிலை இன்னும் வளமானது. செபு தீவின் தலைவர் ஹுமாபோன், மெகல்லனிடமே முதலில் துறைமுகத் தீர்வை கேட்டார். நான்கு நாள் முன்பு சயாமிலிருந்து வந்த கப்பல்கூடக் கட்டியதே என்று அந்த வணிகரையே சாட்சிக்கு நிறுத்தினார். மெகல்லனோடு பயணம் செய்த பிகாஃபெட்டா இதைப் பதிவு செய்திருக்கிறார்.

---

கிள்ளான்கரை

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் சுல்தான்களும் ஆளுநர்களும் வழங்கும் 'டத்தோ' பட்டமும் இந்த 'டத்து'வும் ஒரே குடும்பம். பட்டமாக மட்டுமே அதைப் பார்த்துப் பழகிய எனக்கு, துடுப்புப் போட ஆள் தேடிய டத்துவைப் பற்றிப் படிப்பது புதுமையாக இருக்கிறது. தொடருங்கள்.

---

தராசு

கடலோடி அண்ணா, நீங்கள் தரும் தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. எந்தத் தட்டில் நிற்கிறீர்கள் என்பதில்தான் மறுப்பு. மகர்லிகாக்களின் பக்கமிருந்து பார்த்தால் விருந்தும் பங்கும் தெரிகின்றன. ஊரில் மற்றவர்கள் யார்? அலிப்பின்கள். ஸ்பானியர்கள் அவர்களை ஒரேயடியாக அடிமைகள் என்று எழுதினார்கள். பிளாசென்சியாதான் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்.

ஒரு வகையினர் தனி வீட்டில், மனைவி மக்களோடு வாழ்பவர்கள். பொன் வைத்துக்கொள்ளலாம், சொத்தைப் பிள்ளைகளுக்கு விடலாம், அவர்களை விற்க முடியாது. ஆனால் விளைச்சலில் ஒரு பகுதி எசமானருக்கு. கூப்பிட்ட நேரத்தில் உழைப்பும் அவருக்கு. இன்னொரு வகையினர் எசமானரின் வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்கள். அவர்களை விற்கலாம். போரில் பிடிபட்டவர்கள் பலர் இந்த இரண்டாம் வகையில் சேர்ந்தார்கள்.

மனத்தை உலுக்குவது பிள்ளைகளின் கணக்கு. பெற்றோரில் ஒருவர் மகர்லிகா, மற்றவர் அலிப்பின் என்றால் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பிரிப்பார்கள். மூத்தது தந்தையின் நிலை, அடுத்தது தாயின் நிலை, பிறகு மீண்டும் தந்தை. ஒரே பிள்ளையானால் அது பாதி சுதந்திரம், பாதி அலிப்பின். ஒரே தட்டில் உண்டு வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவன் துடுப்பும் ஈட்டியும் ஏந்திய குடிமகன், மற்றவன் இன்னொருவருக்குக் கட்டுப்பட்டவன். இந்தப் பங்கீட்டைப் படித்த பிறகு 'ஊர்த்தலைவர்' என்ற இதமான சொல்லை என்னால் எழுத முடியவில்லை.

அலிப்பின் ஆவது எப்படி? போர் ஒரு வழி. அதைவிட அன்றாடமான வழி கடன். பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டனை பொன்னில் தண்டம். தண்டம் கட்டப் பொன் இல்லாதவன் கடன் வாங்குவான். கடன் தீராவிட்டால் தன்னையே ஒப்புக்கொடுப்பான். தீர்ப்புச் சொல்பவர் டத்து. கடன் கொடுக்கும் வசதி உள்ளவரும் பெரும்பாலும் டத்துவோ அவர் உறவினரோதான். நீதியும் வட்டியும் ஒரே வாசலில் இருந்தால் ஏழைக்கு எங்கே வழி?

இது ஸ்பானியர் கட்டிய கதை என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால், அவர்களுக்கு ஆறு நூற்றாண்டுகள் முந்தைய ஆவணத்தைக் காட்டுகிறேன். லகுனா ஏரிப் பகுதியில் 1980களின் இறுதியில் ஒரு செப்பேடு கிடைத்தது. 'கவி' எனப்பட்ட பழைய ஜாவா எழுத்து, பழைய மலாய் மொழி, நிறைய சமஸ்கிருதச் சொற்கள். காலம் சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சச் சதுர்த்தி, சோமவாரம், அதாவது கி.பி. 900. பிலிப்பைன்ஸில் தேதியோடு கிடைத்த எழுத்துகளில் இதுவே மிகப் பழையது. அரசனின் புகழோ கோவில் கொடையோ அதில் இல்லை. நம்வரான் என்பவர் பட்டிருந்த ஒரு 'கட்டி', எட்டு 'சுவர்ணம்' (இரண்டும் எடை அளவுகள்) பொன் கடன் தீர்க்கப்பட்டது என்பதே செய்தி. அந்த விடுதலையைப் பெறுபவர்களில் அவர் மகள் அங்கதானும் உண்டு. வருங்காலத்தில் யாராவது இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்று சொல்லக்கூடும் என்ற அச்சமும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. தந்தை பட்ட கடன் பிள்ளைகளின் கழுத்தில் ஏறும் உலகில்தான் அப்படி ஒரு வரி தேவைப்படும்.

---

சோழமண்டலம்

அருமையான தகவல்கள், தராசு. சக ஆண்டு, சதுர்த்தி, சோமவாரம் என்று படிக்கும்போது நம் ஊர்ச் சாசனம் போலவே இருக்கிறது. செபு நகரை நிறுவிய ஸ்ரீ லுமாய் ஒரு சோழ இளவரசர் என்றும், ஹுமாபோன் அவர் வழிவந்தவர் என்றும் பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால் டத்து முறைக்கும் சோழர் ஆட்சிக்கும் தொடர்பு இருக்க வேண்டுமே? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

கல்வெட்டுக்காரி

சோழமண்டலம் ஐயா, இதை நேராகச் சொல்ல வேண்டியது கடமை. ஸ்ரீ லுமாய் கதை செபுவின் மரபுக் கதையாக 20ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பரவியது. ஹுமாபோனை நேரில் கண்டு பழகிய பிகாஃபெட்டாவின் குறிப்புகளில் லுமாயும் இல்லை, சோழரும் இல்லை. 1025இல் நடந்த ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஊர்களில் உறுதியாக அடையாளம் காணப்பட்டவை எல்லாம் சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், நக்கவாரம் (நிக்கோபார்) என்று மலாக்கா நீரிணையை ஒட்டியவை. பிலிப்பைன்ஸ் அதில் இல்லை.

இந்திய எழுத்தும் பட்டங்களும் அங்கே போனது உண்மை. ஆனால் ஜாவா, சுமத்ரா, போர்னியோ வழியாக, வணிகரும் தலைவர்களும் தாங்களே விரும்பி எடுத்துக்கொண்டவையாகப் போயின. 1917இல் தெற்குத் தீவான மின்டனாவோவின் அகுசான் பகுதியில் கிடைத்த, ஏறக்குறைய 1.8 கிலோ எடையுள்ள பொற்சிலையின் கலைப்பாணியிலும் ஜாவாவின் சாயலைத்தான் அறிஞர்கள் காண்கிறார்கள்.

உண்மையான தொடர்பு வேண்டும் என்றால் சீன ஆவணங்களில் இருக்கிறது. அதே அகுசான் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள புத்துவான், 1001இல் சோங் அரசவைக்குத் தூது அனுப்பியது. சோழத் தூதர்கள் அதே அரசவைக்கு 1015இல் போனார்கள். இரு நாட்டவரும் ஒரே வாசலில் நின்றவர்கள். 1007இல் புத்துவான் தூதர், சம்பா நாட்டுக்கு (இன்றைய வியட்நாம் பகுதி) தரும் மரியாதையைத் தங்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டார், சீனர்கள் மறுத்துவிட்டார்கள். கேட்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது என்பதே எனக்குப் பெருமையாகத் தோன்றுகிறது. அதன் மேல் சோழ மகுடம் சூட்டினால் அவர்களுடைய சாதனையை அவர்களிடமிருந்தே பறித்தவர்கள் ஆவோம்.

இன்னொரு எச்சரிக்கை. 'கலந்தியாவ் சட்டம்' என்று 1433ஆம் ஆண்டின் பெயரில் ஒரு கொடிய தண்டனைப் பட்டியல் இணையத்தில் உலவுகிறது: கொதிநீர், எறும்புக்கு இரையாக்குதல் என்று. அது ஹோசே மார்கோ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிக்கொணர்ந்த போலி. வரலாற்றாய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968இல் அதை ஆய்வில் நிறுவினார். 2004இல் பிலிப்பைன்ஸின் தேசிய வரலாற்று நிறுவனமும் அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. பல தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்தார்கள் என்பதுதான் கொடுமை. இந்த இழையில் யாரும் அதை மேற்கோள் காட்ட வேண்டாம்.

---

சோழமண்டலம்

நன்றி அம்மா. புத்துவான் தூது பற்றி இப்போதுதான் அறிகிறேன். பெண்களின் நிலை அங்கே எப்படி இருந்தது என்பதையும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

---

டவாவ் மாணவி

நான் மின்டனாவோவில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறோம். இங்கே வந்த பிறகுதான் இந்த வரலாற்றில் ஆர்வம் வந்தது.

பெண்கள் விஷயத்தில் அந்தச் சமூகம் எனக்கு வியப்பளிக்கிறது. தகலோக் வழக்கப்படி முறையான மனைவியின் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், பெற்றோர் சொத்தைச் சமமாகப் பங்கிட்டார்கள். மணத்தின்போது பொருள் கொடுத்தது மணமகன் வீடு. பெண் வீடு அல்ல. மணமுறிவும் உண்டு. கணவன் காரணமின்றி மனைவியை விட்டுப் போனால் கொடுத்த பொருளில் பாதியை இழப்பான். மனைவி வேறொருவரை மணக்கப் போனால் முழுவதும் கணவனுக்குத் திரும்ப வேண்டும். கணக்கில் சமமில்லை என்றாலும், விலகும் உரிமை இருவருக்கும் இருந்தது.

நாட்டின் நடுப்பகுதியான விசாயா தீவுகளில் பபாய்லான் என்ற பூசாரிகள் இருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெண் கோலத்தில் வாழ்ந்த ஆண்களும் உண்டு. நோய் தீர்ப்பது, முன்னோர் ஆவிகளிடம் பேசுவது, விதைப்புக்கும் கடற்பயணத்துக்கும் பலி கொடுப்பது எல்லாம் அவர்கள் கையில். டத்துவுக்கு நோய் வந்தாலும் அவர்களிடம்தான் போக வேண்டும். தலைவரின் அதிகாரத்துக்கு வெளியே நின்ற ஒரு செல்வாக்கு அது. ஸ்பானியத் துறவிகள் டத்துகளை ஞானஸ்நானம் கொடுத்து அணைத்துக்கொண்டார்கள். பபாய்லான்களை மட்டும் விரட்டினார்கள். அவர்களை மந்திரக்காரிகள் என்று எழுதிய அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

டத்து என்ற பட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மனோபோ, பகோபோ போன்ற பழங்குடிகளிடமும் முஸ்லிம் மக்களிடமும் டத்துகள் இருக்கிறார்கள்.

---

மலைச்சரிவு

எல்லோரும் கடற்கரையிலேயே நிற்கிறீர்கள். லூசோன் தீவின் வடக்கு மலைகளுக்கு வாருங்கள். இஃபுகாவ் மக்களிடம் டத்து கிடையாது, தீர்ப்புச் சொல்லும் நீதிபதியும் கிடையாது. ஆனால் மலையைப் படியாக வெட்டி, கல்லடுக்கி, மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பங்கிட்டு நெல் விளைவித்தார்கள்.

கடாங்கியன் எனப்பட்ட செல்வக் குடும்பங்கள் அங்கே உண்டு. வயல் மிகுந்தவர்கள், விருந்து வைத்துத் தங்கள் நிலையை ஊரறியச் செய்ய வேண்டியவர்கள். ஆனால் அவர்கள் ஆணையிட முடியாது. இரண்டு குடும்பங்களுக்கு இடையே வழக்கு வந்தால் மொன்கலுன் என்ற நடுவர் இருவர் வீட்டுக்கும் மாறி மாறி நடப்பார். கெஞ்சுவார், மிரட்டுவார், பேரம் பேசுவார். அவர் நடந்துகொண்டிருக்கும் வரை இரு தரப்பும் மோதக் கூடாது. தீர்ந்தால் தண்டப் பொருளில் அவருக்கும் கூலி உண்டு. இந்த நடைமுறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இயங்கியதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

தலைவர் இல்லாமல் நீர்ப்பாசனம் இயங்காது, அரசு இல்லாமல் சட்டம் இல்லை என்பவர்களுக்கு இந்த மலை ஒன்றே போதும்.

---

கடலோடி

மலைச்சரிவு, இந்தக் கோணத்தை நான் எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. தராசுவுக்கு விரிவான பதில் பாக்கி இருக்கிறது.

தம்பி, கடனைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. அதை என் வாதத்துக்கு எதிராக நான் பார்க்கவில்லை. ஆள்தான் செல்வம் என்றால், ஆட்களைச் சேர்க்க வழி இரண்டு: கொடுத்து ஈர்ப்பது, கடனில் பிணைப்பது. ஒரே டத்து காலையில் விருந்து வைத்தார், மாலையில் கடனுக்கு ஆள் பிடித்தார். ஆனால் டத்துவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டத்து எப்போதும் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. மக்தான், செபுவை ஒட்டிய சிறு தீவு. 1521இல் அதில் மட்டும் லாப்புலாப்பு, சூலா என்று இரண்டு தலைவர்கள். ஏப்ரல் 26ஆம் நாள் சூலா தன் மகனிடம் இரண்டு ஆடுகளைக் கொடுத்து மெகல்லனிடம் அனுப்பினார். லாப்புலாப்பு தடுப்பதால் சொன்னபடி மீதியை அனுப்ப முடியவில்லை என்று சொல்லச் சொன்னார். மறுநாள் மக்தான் கரையில் மெகல்லன் கொல்லப்பட்டார். ஹுமாபோனை எல்லோருக்கும் மேலான மன்னராக்கி, மற்ற டத்துகளைப் பணியவைக்க நினைத்ததே அவர் உயிரைக் குடித்தது. அப்படி ஒரு மேலிடம் அந்தச் சமூகத்தில் இல்லை. 1609இல் எழுதிய ஸ்பானிய அதிகாரி அன்டோனியோ டி மோர்கா சொல்வதும் இதுதான்: போரில் துணிவு மிக்கவரிடம் ஆட்கள் சேர்வார்கள்; மற்ற டத்துகளும் அவர் தலைமையில் வருவார்கள், ஆனால் தங்கள் ஆட்களின் மீதான உரிமையை விடாமல்.

பிளாசென்சியாவின் ஒரு புலம்பல் முக்கியம். முன்பெல்லாம் தண்டத்துக்கு அஞ்சி மக்கள் டத்துவுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். இப்போது துறவிகள் சொன்னதை ஒரு டத்து கண்டிப்பாகச் செய்யச் சொன்னால், மக்கள் அவரை விட்டு வேறு டத்துவிடம் போய்விடுகிறார்கள் என்கிறார். மக்களுக்குக் கால் இருந்தது. அதைக் கட்டத்தான் பொன் தண்டம்.

---

தராசு

அண்ணா, கால் இருந்தது மகர்லிகாவுக்கு. வீட்டுக்குள் கிடந்த அலிப்பினுக்கு இல்லை. அந்த இடத்தில் நான் அசைய மாட்டேன்.

ஸ்பானியர் ஆட்சி வந்த பிறகு டத்துகள் எதை இழந்ததாக நினைத்தார்கள் என்று பாருங்கள். 1587, 1588இல் மணிலாவைச் சுற்றியிருந்த தலைவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். அகுஸ்டின் டி லெகஸ்பி (பெயர்தான் ஸ்பானியம், ஆள் மணிலாவை ஒட்டிய தொந்தோவின் தலைவர் குடும்பம்), தொந்தோ தலைவர் லக்கன்துலாவின் மகன் மகாத் சலாமாத் போன்றோர் அதில் முன்னின்றார்கள். புரூணையிடமும் ஒரு ஜப்பானியக் கப்பல் தலைவரிடமும் உதவி தேடினார்கள். திட்டம் வெளிப்பட்டது, முன்னின்றவர்கள் தலை வெட்டப்பட்டார்கள், சிலர் மெக்சிகோவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். விசாரணை ஆவணங்களில் அவர்கள் குமுறல் பதிவாகியிருக்கிறது: முன்பு தலைவர்களாக வாழ்ந்தோம், இன்று எங்கள் பொன்னும் போயிற்று, அடிமைகளும் போயினர் என்று. அவர்களின் வீரத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் மீட்க விரும்பிய உலகில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

---

நெல்வயல்

கிளர்ச்சியில் சேராத டத்துகள் என்ன ஆனார்கள்?

---

கல்வெட்டுக்காரி

நெல்வயல், அவர்களைப் புதிய ஆட்சி விழுங்கிவிட்டது. டத்து 'பரங்காய்த் தலை' என்ற பதவிக்காரர் ஆனார். தம் ஆட்களிடம் ஸ்பெயின் மன்னருக்கான தலைவரியைத் திரட்டிக் கொடுப்பது வேலை. அதற்குப் பதிலாக அவருக்கும் மூத்த மகனுக்கும் வரியும் கட்டாய உழைப்பும் கிடையாது. விருந்து வைக்காவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயமும் அவருக்குப் போயிற்று, ஏனென்றால் மக்களைக் கோவில் மணியோசை கேட்கும் தூரத்துக்குள் ஓரிடத்தில் குடியேற்றத் துறவிகள் பாடுபட்டார்கள். முன்பு கிடைத்ததைப் பகிர வேண்டியிருந்த குடும்பங்கள், மெல்ல மெல்ல நிலத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளத் தொடங்கின. நிலம் அங்கே செல்வமானது அதன் பிறகுதான்.

---

டவாவ் மாணவி

பெயர் மட்டும் திரும்பி வந்தது. 1970களில் குடியரசுத் தலைவர் மார்கோஸின் ஆட்சி, ஊர்ப் பகுதிகளுக்கு இருந்த ஸ்பானியப் பெயரை மாற்றிப் பரங்காய் என்றாக்கியது. இன்று நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட பரங்காய்கள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் மன்றமும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஒரே நகரில் வசிப்பவர்களுக்கு இடையிலான சிறு வழக்குகள் பலவற்றை நீதிமன்றம் நேரடியாக ஏற்காது. முதலில் பரங்காய்த் தலைவர் முன்னும், அவர் அமைக்கும் சமரசக் குழு முன்னும் பேசிப் பார்க்க வேண்டும்.

தராசு அண்ணா, நீதியும் வட்டியும் ஒரே வாசலில் இருந்தால் ஏழைக்கு எங்கே வழி என்று நீங்கள் கேட்ட கேள்வி இங்கே பொருந்தும். இன்றைய தலைவர் தாமாகத் தீர்ப்பைத் திணிக்க முடியாது, சமரசம்தான் அவர் வேலை. ஒத்துப்போகாவிட்டால் அவர் ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.